தண்ணீரில் ஒருவரை முந்திய வரலாறு

மனித இனம் இதுவரை செய்திருக்கும் மகத்தான காரியங்கள் மூன்று. நீரைவிட்டுக் கரையேறியது ஒன்று. சக்கரத்தைக் கண்டுபிடித்தது இரண்டு. யாரும் துரத்தாதபோதும் ஓடக் கற்றுக்கொண்டது மூன்று. இந்த மூன்றையும் செய்து முடிக்க நம் முன்னோர் லட்சக்கணக்கான ஆண்டுகளை எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சோம்பலை எண்ணி வெட்கப்பட்டு, மூன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில், அடுத்தடுத்து, அதுவும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேரும்படியாகச் செய்து காட்டிய பெருமை மும்முனைப் போட்டி மன்றத்தையே சேரும்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்று மூன்று முனை இருப்பதால் அந்தப் பெயர். பலகை மாட்டிய முதல் வாரத்தில் இரண்டு பேர் உள்ளே வந்து, எந்தத் தொகுதி, யார் யார் வேட்பாளர் என்று விசாரித்தார்கள். மன்றத் தலைவரான பல் டாக்டர் அவர்களுக்குப் பொறுமையாக விளக்கினார்.

"இது தேர்தல் இல்லீங்க. இதுல எல்லாரும் ஜெயிப்பாங்க."

அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. மன்றத்தில் உறுப்பினர்கள் பதினோரு பேர். கோடை முடியும்போது கிடைத்த முதலிடங்கள் பதினான்கு. இந்த அதிசயத்தை நிகழ்த்தியவர் புள்ளிவிவரச் செயலாளரான ஆடிட்டர். எந்த நஷ்டத்துக்குள்ளும் ஒரு லாபம் ஒளிந்திருக்கிறது, தேடுகிற விதமாகத் தேடினால் அகப்படும் என்பது அவருடைய தொழில் தர்மம். உறுப்பினரின் வயது, எடை, உத்தியோகம், கண் பார்வை, காலணி அளவு எல்லாவற்றையும் சேர்த்துப் பிரிவுகளைப் பிரிப்பார். பிரித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பிரிவுக்கு ஒருவர்தான் மிஞ்சுவார். அவர் முதலிடம்.

இந்தக் கதை அப்படி முதலிடம் பெற்றவர்களில் ஒருவரைப் பற்றியது. ஐம்பதை நெருங்கும், மூக்குக்கண்ணாடி அணியும், காப்பீட்டுத் துறை சார்ந்த ஆண்கள் பிரிவில் மூன்று கோடைகளாக அவரை அசைக்க ஆள் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பீட்டு மனுக்களைப் பரிசீலிக்கும் அதிகாரி. பரிசீலிப்பது என்றால் நிராகரிப்பது. மன்றத்தில் அவரை இன்சூரன்ஸ்காரர் என்றுதான் அழைப்பார்கள்.

அவர் மன்றத்தில் சேர்ந்ததே ஒரு வீர வரலாறு. கடைவாய்ப் பல் ஒன்றை அடைத்துக்கொள்ளப் போயிருந்தார். வாயில் பஞ்சு, உதட்டோரம் உறிஞ்சு குழாய், முகத்துக்கு நேரே விளக்கு. பல் டாக்டர் குனிந்து கேட்டார்.

"நம்ம மன்றத்துல சேர்ந்துடறீங்களா?"

"ஆ…" என்றார் இன்சூரன்ஸ்காரர்.

"பார்த்தீங்களா சிஸ்டர், என்ன ஒரு ஆர்வம்!" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு டாக்டர் துளை போடத் தொடங்கினார். அந்தப் பல் ஒரு மாதத்தில் விழுந்துவிட்டது. உறுப்பினர் பதவி மட்டும் கெட்டியாக நின்றது.

அதன்பின் அவர் வீடு அடையாளம் தெரியாமல் உயர்ந்தது. படுக்கையறையில் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே சைக்கிள் நின்றது. அதற்குக் காற்றோட்டம் வேண்டும் என்பதால் மனைவி சுவரோரமாகத் தள்ளிப் படுத்தாள். குளியலறைக் கொக்கியில் கறுப்பு ரப்பர் நீச்சல் உடை, தலையில்லாத ஓர் ஆள் தூக்கில் தொங்குவது போலச் சொட்டிக்கொண்டிருந்தது. முதல் நாள் மகள் அலறினாள். பிற்பாடு அதற்கு ஒரு 'குட் மார்னிங்' சொல்லிவிட்டுப் பல் தேய்க்கிற அளவுக்குப் பழகிப்போனாள்.

மனைவி நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். நாள் முழுக்க மற்றவர்கள் சொல்வதை முகத்தில் ஒன்றும் காட்டாமல் எழுதிக்கொள்வது தொழில். அந்த முகத்தையே வீட்டுக்கும் கொண்டு வந்திருந்தாள். காலையில் காப்பிக் கோப்பையோடு இன்சூரன்ஸ்காரர் அறிக்கை வாசிப்பார்.

"இன்னிக்கு என் நாடித் துடிப்பு நேத்தைவிட ரெண்டு குறைவு."

"சரி. கேஸ் தீர்ந்துபோச்சு."

"சைக்கிள்ல சராசரி வேகம் ஏறியிருக்கு."

"வர்ற வழியில அந்தச் சைக்கிள்லயே சிலிண்டருக்குச் சொல்லிட்டு வந்திருக்கலாம்."

"பயிற்சி நேரத்துல நிக்கக் கூடாதும்மா. தாளம் கெட்டுப்போயிடும்."

மனைவி மேற்கொண்டு ஒன்றும் கேட்க மாட்டாள். இதைத் தனக்குக் கிடைத்த ஆதரவாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

இத்தனை உயரத்திலும் அவருக்கு ஒரே ஒரு குறை. அது தண்ணீர்.

சைக்கிளில் யாராவது ஒருவரை அவர் முந்துவது உண்டு. முந்தப்பட்டவர் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பார். ஓட்டத்திலும் எப்போதாவது நடந்துகொண்டிருப்பவர் கிடைப்பார். தண்ணீரில் மட்டும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. மூன்று கோடைகளாக எல்லோரும் கரையேறி, உடை மாற்றி, சைக்கிளில் போய் மறைந்த பிறகுதான் அவர் வந்து சேர்வார். நீந்தும்போது திரும்பிப் பார்த்தால் அவருக்குப் பின்னால் ஏரி மட்டுமே இருக்கும்.

அவருக்கு முன்னால், கைக்கெட்டும் தூரத்தில், எப்போதும் ஒருவர் இருந்தார். மருந்துக்கடைக்காரர். மன்றத்தில் ஒவ்வொருவருக்கும் எந்த முட்டி வலிக்கும், அதற்கு எந்தத் தைலம் ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்து வைத்திருந்த சாதுவான மனிதர். எந்த வாக்கியத்தையும் "மன்னிக்கணும்" என்றுதான் ஆரம்பிப்பார். அவர் இன்னும் வேகமாக நீந்தக் கூடியவர்தான். ஆனால் பாதி வழியில் நின்று, திரும்பி, ஒரு கையைத் தூக்கி 'வாங்க வாங்க' என்று காட்டுவார். இன்சூரன்ஸ்காரர் பக்கத்தில் வந்ததும் மறுபடி நீந்துவார்.

"மன்னிக்கணும், தனியா வர்றது உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான்" என்பார் கரையில்.

இன்சூரன்ஸ்காரருக்கு இந்தக் கருணை பிடிக்கவில்லை. இவ்வளவு நின்று நின்று போகிற ஆளைக்கூட முந்த முடியவில்லையே என்பது துண்டால் துடைத்தாலும் போகாத ஈரமாக அவர் மனசில் தங்கிவிட்டது.

கோடையின் கடைசிப் போட்டியை மன்றமே ஏரியில் நடத்தியது. கரையிலிருந்து நேராக நீந்திப் போய், நடு ஏரியில் கட்டியிருக்கும் ஆரஞ்சு நிற மிதவையைச் சுற்றி, அதே வழியில் திரும்பி வர வேண்டும். பிறகு சைக்கிள், பிறகு ஓட்டம்.

போட்டிக்குப் பாதுகாப்பு ஏற்பாடுகள் பலமாக இருந்தன. அதாவது, உறுப்பினர்களின் மனைவிமாரும் கணவன்மாரும் 'ஆதரவுப் படை' ஆக்கப்பட்டிருந்தார்கள். ஒருவருக்குத் துண்டு, ஒருவருக்கு வாழ்த்து அட்டை, ஒருவருக்குக் கைதட்டல். இன்சூரன்ஸ்காரரின் மனைவிக்குப் படகு கிடைத்தது. படகுத் துறையில் வாடகைக்குக் கிடைக்கும் துடுப்புப் படகு. முந்தின வாரம் ஒரு காலையில் ஓட்டிப் பழகியிருந்தாள். கழுத்தில் விசில் மாட்டிவிட்டுப் பல் டாக்டர் கட்டளை பிறப்பித்தார்.

"ஏதாச்சும் ஆபத்துன்னா விசில் ஊதுங்க."

"ஊதினா யார் வருவாங்க?"

பல் டாக்டர் யோசித்தார். "நீங்கதான். படகு உங்ககிட்டதானே இருக்கு?"

"அப்ப எதுக்கு விசில்?"

"விதிமுறைம்மா."

பதினோரு பேரும் மஞ்சள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து தண்ணீரில் குதித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஏரியின் மீது மஞ்சள் புள்ளிகள் நீளமாகச் சிதறின. கடைசிப் புள்ளி இன்சூரன்ஸ்காரர். அவருக்கு முன் மருந்துக்கடைக்காரர்.

மிதவைக்குப் பாதி தூரம் தாண்டியிருக்கும். மூச்சு வாங்கத் தலையைத் தூக்கியபோது முன்னால் ஒரு கை உயர்ந்ததை இன்சூரன்ஸ்காரர் பார்த்தார். வழக்கம்போல. மறுபடி தலையை முக்கி நாலு வீச்சுப் போட்டுவிட்டுத் தூக்கினார். கை இறங்கியிருந்தது, பிறகு உயர்ந்தது. வழக்கம்போல இல்லை. அது 'வாங்க வாங்க' என்று காட்டவில்லை. காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்தது. இன்னும் நாலு வீச்சு. இப்போது முகமும் தெரிந்தது. வாய் திறந்திருந்தது. "சார்" என்று சத்தம் வந்தது. அதன் பாதியில் தண்ணீர் புகுந்துகொண்டது.

இப்படிப்பட்ட தருணங்களில் சாமானியர்கள் யோசிக்காமல் செயல்பட்டுவிடுவார்கள். இன்சூரன்ஸ்காரர் பயிற்சி பெற்றவர். அவர் யோசித்தார். ஒன்று, படகு இருக்கிறது, அதற்கென்று ஆள் இருக்கிறது. இரண்டு, தன்னைவிட நன்றாக நீந்தும் ஒன்பது பேர் எதிர்ப்பக்கமாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள், அவர்களுடைய வாய்ப்பைத் தட்டிப் பறிப்பது முறையல்ல. மூன்று, தானும் போய் மாட்டிக்கொண்டால் ஒரு விபத்து இரண்டாகும். எந்தக் கம்பெனியும் அதை ஏற்காது. நாலாவதாக ஒன்றும் தோன்றியது. அதைச் சொல்லாமல் விடுவதே மரியாதை, ஆனாலும் வரலாறு என்று வந்தபின் மறைப்பதற்கில்லை. இன்னும் பத்து வீச்சுப் போட்டால் அவருக்குப் பின்னால் ஒருவர் இருப்பார்.

கொஞ்சம் வலப்பக்கமாக ஒதுங்கி, நாகரிகமான இடைவெளி விட்டு, அவர் மருந்துக்கடைக்காரரை முந்தினார்.

மிதவையைச் சுற்றித் திரும்பும்போது ஏரி வெறிச்சோடிக் கிடந்தது. தூரத்தில் ஒரு படகு கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தைப் பிடித்தபடி ஒரு மஞ்சள் தொப்பி. 'அப்பாடா' என்று ஒரு மூச்சு விட்டார். விட்ட மூச்சு வீச்சுக்கு வசதியாக இருந்தது. இன்னும் வேகமாகக் கையைப் போட்டார். ஆளை இழுத்துக்கொண்டு வந்ததால் படகு மெதுவாகத்தான் வந்தது. கரைக்குப் பத்தடி இருக்கையில் அதையும் முந்திவிட்டார்.

"தண்ணியில ஒரு ஆளைத் தாண்டிட்டீங்க சார்!" என்று சைக்கிள் நிறுத்தத்தில் ஆடிட்டர் கத்தினார். அவருடைய சைக்கிள் சங்கிலி கழன்றுபோனதால் அங்கேயே நின்றுவிட்டிருந்தார். "முதல் தடவை!"

இன்சூரன்ஸ்காரர் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

ஓடி முடித்து இன்சூரன்ஸ்காரர் முடிவுக் கோட்டைத் தொட்டபோது, மருந்துக்கடைக்காரர் இரண்டு துண்டுகளைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனாலும் ஒவ்வொருவர் வந்து சேரும்போதும் கை தட்டினார். சுற்றிலும் உறுப்பினர்கள் தரையைப் பார்த்தபடி காலைச் சொறிந்துகொண்டும் தண்ணீர் குடித்துக்கொண்டும் நின்றார்கள்.

"மன்னிக்கணும், கெண்டைக்கால் பிடிச்சு இழுத்துருச்சு" என்றார் மருந்துக்கடைக்காரர். "ரெண்டு தடவை உள்ள போயிட்டேன். கூப்பிட்டுப் பார்த்தேன். தலை தண்ணிக்குள்ள இருந்தா யாருக்குக் கேக்கும், பாவம்? நீங்க யாரும் மனசு சங்கடப்படாதீங்க. பார்த்திருந்தா விட்டிருப்பீங்களா?"

"நல்லாச் சொன்னீங்க" என்றார் பல் டாக்டர். பத்துப் பேரும் தலையாட்டினார்கள். அந்த ஆட்டத்தில் மட்டும் யாரும் யாரையும் முந்தவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது மனைவிதான் கார் ஓட்டினாள். இடுப்பு வரை நனைந்திருந்தாள். உள்ளங்கையில் துடுப்புப் பிடித்த இடம் கொப்புளித்திருந்ததால் விரல் நுனியால் ஸ்டியரிங்கைத் திருப்பினாள்.

"என்னங்க, அவர் கை தூக்கினதை நான் கரையோரத்துல இருந்து பார்த்தேன். அவரைச் சுத்தி மஞ்சள் தொப்பியாப் போச்சு. யார் யார்னு தெரியல."

"தூரத்துல இருந்து பார்த்தா பக்கத்துல இருக்கிற மாதிரிதான் தெரியும்."

"நீங்க பார்த்தீங்களா அவரை?"

"தண்ணிக்குள்ள ஒண்ணுமே தெரியாதும்மா. ஒரே பச்சையா இருக்கும்."

மனைவி சரி என்று தலையசைத்தாள். நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதை எழுதிக்கொள்வாளே, அந்த முகம். சிக்னலில் வண்டி நின்றபோது கொப்புளத்தை வாயால் ஊதிக்கொண்டாள். இன்சூரன்ஸ்காரர் அந்தக் கையைப் பிடித்துப் பார்க்க நினைத்தார். பச்சை விளக்கு விழுந்துவிட்டது.

மறுநாள் ஆபீசில் செய்தி பரவியது, அவரே பரப்பினார். பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வந்து கை குலுக்கினார்.

"தண்ணியில முந்திட்டீங்களாமே! யாரை சார்?"

"ஒரு மருந்துக்கடைக்காரரை."

"நல்லா நீந்துவாரா?"

"நல்லா நீந்துவார்" என்ற இன்சூரன்ஸ்காரர், காகிதங்களை அடுக்கிக்கொண்டே, "நேத்து அவ்வளவா இல்ல" என்றார்.

அந்த வாரம் காலைக் காப்பியின்போது அறிக்கை வாசிக்கப்படவில்லை. நாடித் துடிப்பு எவ்வளவு என்று மகள் அவளாகவே கேட்டுப் பார்த்தாள். "பரவாயில்ல" என்று மட்டும் சொன்னார். உடம்பு சரியில்லையோ என்று அவள் அம்மாவிடம் விசாரித்தாள்.

கோடைக்கால முடிவுகளை அறிவிக்கும் பொதுக்கூட்டம் பல் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் நடந்தது. குடும்பத்தாருக்கும் அழைப்பு. சுவரில் ஈறு நோயின் நான்கு நிலைகளை விளக்கும் படம் இருந்தது. அதை ஓரமாக நகர்த்திப் புரொஜெக்டருக்கு இடம் பண்ணியிருந்தார்கள். கண்ணாடி மேஜையில் கோப்பைகள் வரிசையாக நின்றன. பக்கத்திலேயே ஒரு பல் செட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. அதையும் பரிசு என்று நினைத்து ஒரு குழந்தை எடுத்துப் பார்த்தது.

முதல் பொருள், மருந்துக்கடைக்காரரின் நிலை.

"போட்டி நடக்கும்போது படகைத் தொட்டிருக்கார். வெளி உதவி வாங்கினா தகுதி நீக்கம். விதி தெளிவா இருக்கு" என்றார் ஆடிட்டர்.

"தொடாம எப்படிப் பிழைக்கிறது?" என்று கேட்டாள் இன்சூரன்ஸ்காரரின் மனைவி.

"அது விதியில இல்லம்மா. பிழைக்கிறதைப் பத்தி விதி எதுவும் சொல்லல."

மருந்துக்கடைக்காரர் எழுந்தார். "மன்னிக்கணும். நீக்கிடுங்க. நம்ம மன்றத்துல எல்லாரும் முடிச்சாங்கன்னு போட முடியாம பண்ணிட்டேன். அதுதான் எனக்கு வருத்தம்."

அவருடைய பெருந்தன்மையைப் பாராட்டித் தீர்மானம் போட்டு, அதே தீர்மானத்தில் அவரை நீக்கினார்கள்.

இரண்டாவது பொருள், அலை. அனுமதி இல்லாமல் படகு போட்டிப் பாதைக்குள் வந்ததால் அலை எழுந்து, திரும்பி வந்துகொண்டிருந்த இரண்டு உறுப்பினர்களுக்கு நேரம் விரயமாகியிருந்தது. வருங்காலத்தில் மீட்பவர்கள் மெதுவாகத் துடுப்புப் போட வேண்டும் என்று தலைவர் அன்போடு கேட்டுக்கொண்டார்.

"எவ்வளவு மெதுவா?" என்றாள் மனைவி.

"அலை எழாத அளவுக்கு."

"ஆள் இருப்பாரா அதுவரைக்கும்?"

இன்சூரன்ஸ்காரர் அவள் முழங்கையை லேசாகத் தொட்டார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவதாகப் பரிசளிப்பு. பதினான்கு முதலிடங்களும் வழங்கப்பட்ட பின், 'இந்தக் கோடையின் முன்னேற்றம்' என்ற சிறப்புக் கோப்பைக்கு இன்சூரன்ஸ்காரரின் பெயர் வாசிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளில் முதன்முறையாகத் தண்ணீரில் ஒருவரை முந்தியதற்காக. கூடம் அதிரக் கைதட்டல். மருந்துக்கடைக்காரரும் தட்டினார். "உங்களால முடியும்னு எனக்கு எப்பவோ தெரியும் சார்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கை வெதுவெதுப்பாக இருந்தது. இன்சூரன்ஸ்காரருக்கு அதை உடனே விட்டுவிட வேண்டும் போலவும் இருந்தது, விடக் கூடாது போலவும் இருந்தது. கோப்பையை வாங்க இரண்டு கையும் தேவைப்பட்டதால் விட்டுவிட்டார்.

கடைசியாக ஆடிட்டர் விளக்கை அணைத்தார். இது அவர் இரண்டு வாரமாக ரகசியமாகச் செய்திருந்த ஆராய்ச்சி. எல்லா உறுப்பினர்களின் கைக்கடிகாரமும் போகிற வழியைச் செயற்கைக்கோள் வைத்துப் பதிவு செய்யும் ரகம். பத்துப் பேரின் பதிவுகளையும் வாங்கி ஒரே படத்தில் போட்டிருந்தார். மருந்துக்கடைக்காரருடைய கடிகாரம் ஏரியின் அடியில் இருந்தது.

சுவரில் நீல ஏரி விரிந்தது. அதன் மேல் பத்து வண்ணத்தில் பத்துக் கோடுகள்.

"நல்லாக் கவனிங்க" என்று ஆடிட்டரின் குரல் உணர்ச்சியில் தழுதழுத்தது. "கரையில இருந்து நேராப் போறாங்க. மிதவையைச் சுத்தி நேராத் திரும்பறாங்க. ஆனா இந்த ஒரு இடத்துல மட்டும் பாருங்க. பத்துக் கோடும் அழகா வளைஞ்சு, ஒரு வட்டத்தைச் சுத்திக்கிட்டு, மறுபடி நேராயிடுது. ஒருத்தர்கூடத் தப்பல. யாரும் பயிற்சி கொடுக்கல, யாரும் பேசி வெச்சுக்கல. தானா வந்திருக்கு. இதுக்குப் பேர்தான் ஒற்றுமை!"

"பல்வரிசை மாதிரி இருக்கு" என்று தலைவர் உருகினார்.

இருட்டில் யாரோ இருமினார்கள். வேறு யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். ஆடிட்டர் எதிர்பார்த்த கைதட்டல் மட்டும் வரவில்லை.

"மன்னிக்கணும்" என்று ஒரு குரல். "அந்த வட்டத்துக்குள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லையே" என்றார் ஆடிட்டர். "யாரும் போகாத இடம்."

மருந்துக்கடைக்காரர் எழுந்து சுவரருகே போனார். கோடுகள் அவருடைய வெள்ளைச் சட்டை மேல் விழுந்தன. கரையைப் பார்த்தார், மிதவையைப் பார்த்தார், இரண்டுக்கும் நடுவே நிதானமாக விரலை நகர்த்தி அந்த வட்டத்தில் வைத்தார்.

"நான் இங்கதான் இருந்தேன்."

பக்கத்து அறையில் காற்றழுத்த மோட்டார் ஒருமுறை உறுமி அடங்கியது.

தலைவர் என்ற முறையில் நிலைமையைச் சமாளிக்க வேண்டிய கடமை பல் டாக்டருக்கு இருந்தது. "பார்த்தீங்களா!" என்றார். "பத்துப் பேர் போயிருக்காங்க, ஒருத்தர்கூட உங்க மேல மோதல. என்ன கண்ணியம்!"

மருந்துக்கடைக்காரர் ஒவ்வொரு கோடாக விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பியபோது அவருடைய குரல் எப்போதும்போலத் தாழ்ந்தே இருந்தது.

"யாரும் பார்க்கலைன்னு நெனச்சேன். அதனாலதான் அன்னிக்கே எல்லாரையும் மன்னிச்சுட்டேன்" என்றார். "பார்த்திருக்கீங்க."

யாரும் விளக்கைப் போடவில்லை. போட்டால் முகங்கள் தெரியும். இன்சூரன்ஸ்காரர் மடியில் இருந்த கோப்பையை மெல்ல நாற்காலிக்கு அடியில் வைத்தார். உலோகம் தரையில் பட்டு 'ணங்' என்றது. பக்கத்தில் மனைவி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல உங்க கோடு எது?" என்று கேட்டாள். சத்தமாகக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் அப்போது வேறு சத்தம் இல்லை.

"சரியாத் தெரியலையேம்மா."

கேள்வி என்று வந்தால் பதில் சொல்லாமல் விடுவது ஆடிட்டரின் ரத்தத்தில் இல்லை. "என்ன சார், இப்படிச் சொல்லிட்டீங்க!" என்று படத்தைப் பெரிதாக்கினார். "இந்தப் பச்சைதான் நீங்க. மத்த ஒன்பது பேரும் திரும்பி வரும்போதுதான் வளைஞ்சிருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் போகும்போதே வளைஞ்சிருக்கீங்க. நேரத்தையும் ஒத்துப் பார்த்துட்டேன். எல்லாருக்கும் முன்னாடி அவரைப் பார்த்து ஒதுங்கினது நீங்கதான். முதலிடம் சார்!"

பல் டாக்டர் பழக்கதோஷத்தில் கை தட்டினார்.